கீழப்பத்து ஆலையில் ஐந்து வண்டிகள்

அக்டோபர் 5, ஞாயிறு

என் வீடு நகரவில்லை என்பதை இதுவரை முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை உலகுக்கு அறிவித்துவந்தேன். இன்று முதல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பது என்று முடிவு செய்துள்ளேன். முடிவை எட்ட மூன்று வாரம் ஆயிற்று. செண்பகத்திடமும் கலந்தாலோசித்தேன்.

"வீடு எங்க போயிரப் போவுது?" என்றாள்.

மனைவியின் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. வீடு எங்கும் போகாது என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். தூரத்தில் இருந்து கேட்பவனுக்கு எப்படித் தெரியும்?

இக்குறிப்புகளைப் பிற்காலத்தில் யாராவது படிக்கக்கூடும் என்பதால் சிறு விளக்கம். அம்பாசமுத்திரத்தைச் சுற்றி, சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவர் வண்டியிலும், என் வீட்டிலும், ஒரு சிறு ரேடியோ உண்டு. அது தான் நிற்கும் இடத்தைச் சில எழுத்துகளில் மடித்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாக்கெட்டாக வானில் விடும். கொசு தும்மியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மணிப்பாறை உச்சியில் நாங்கள் வைத்திருக்கும் பெட்டி அதைக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்லும். உடனே மாவட்டத் தலைநகரில் உள்ள கட்டுப்பாட்டு அறையின் திரையிலும் என் வீட்டுத் திரையிலும் அந்த வண்டி ஒரு சிறு படமாகத் தோன்றும்; அடுத்த பாக்கெட் வரும்வரை அங்கேயே நிற்கும். வெள்ளக் காலத்தில் செல்போன் கோபுரங்கள் படுத்துவிடும். மலைப்பெட்டி படுக்காது, வெயிலில் ஓடுகிறது.

பெட்டியை மலையேற்றியது நானும் குற்றாலிங்கமும். அவர் பேட்டரியைச் சுமந்தார். நான் செய்முறைக் குறிப்பைச் சுமந்தேன்.

சங்க விதி எண் நான்கு: கருவியை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அணைத்தவர் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். விதியை இயற்றியவன் நான். கல்லூரி நூலகராக இருந்தவனுக்கு அபராதம் இல்லாத ஒழுங்கில் நம்பிக்கை கிடையாது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு கோளாறு. காலை பத்து மணி முதல் குற்றாலிங்கத்தின் ஜீப், ஜெபசிங்கின் கார், இசக்கிராஜின் பைக், இன்னும் இரண்டு வண்டிகள், ஆக ஐந்தும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் நின்றன. இடம்: கீழப்பத்தில் ஆற்றோரம் இருக்கும் குற்றாலிங்கத்தின் அரிசி ஆலை. மதியம் ஒரு மணி வாக்கில் தானாகவே பிரிந்துவிட்டன.

சங்கக் கூட்டம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைதான் நடக்கும், நேற்று நடந்தது. இன்று வேறு கூட்டம் இருந்திருந்தால் தலைவருக்குத் தெரிந்திருக்கும். தலைவர் நான். ஆகவே கோளாறு.

குற்றாலிங்கத்தைப் போனில் அழைத்தேன்.

"தம்பி, ஜீப் எங்க நிக்குது?"

"வீட்லதான் அண்ணாச்சி. எங்கயும் போவல."

"திரையில ஆலையில நிக்கே."

"சாட்டிலைட்டு கோளாறா இருக்கும் அண்ணாச்சி. மேகம்லா."

மேகம் என்று குறித்துக்கொண்டேன். அவர் பேசும்போது பின்னால் அரவை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வீட்டில் மிக்ஸி மாற்றியிருப்பார்கள் போலும்.

அக்டோபர் 14

முருங்கை மரம் ஆண்டெனாக் கம்பியைத் தொடுகிறது. கிளையைக் கழித்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது. மேகம் காரணம் அல்ல. ஞாயிறன்று வானம் தெளிவாக இருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

கோளாறு மீண்டும் வந்தது. அதே பத்து மணி, அதே ஒரு மணி, அதே ஆலை. இந்த முறை ஏழு வண்டிகள். பரவுகிறது.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அடையாளம் காணத் தெரிந்த மின்னணுக் கோளாறு இதுவரை எந்த நூலிலும் பதிவானதாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தில் வாசிப்பதற்காக ஒரு வரைபடமும் தயாரிக்கிறேன். ஆலையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாகிவிட்டது.

செண்பகம் தீபாவளித் துணி எடுக்கப் போன கடையில் குற்றாலிங்கத்தின் மனைவி மீனாட்சியைப் பார்த்தாளாம்.

"ஞாயித்துக்கிழம தவறாம பதினஞ்சு பேருக்கு ஆலையில வச்சு சொதி வைக்காளாம். இடுப்பு ஒடியுதுங்கா. யாருக்குட்டீன்னு கேட்டேன். சேலைக்கு சாயம் போவுமான்னு கடக்காரன்ட்ட திரும்பிட்டா."

"குற்றாலிங்கத்துக்கு சொந்தக்காரங்க ஜாஸ்தி."

"உங்களுக்கு மெய்யாவே புரியலையா, புரியாத மாதிரி இருக்கீயளா?"

இந்த உரையாடலுக்கும் கோளாறுக்கும் தொடர்பு இல்லை. பதிவுக்காக எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கோளாற்றை அதன் இடத்திலேயே முடிக்க மலையேறினேன். மணிப்பாறைக்கு ஏறக்கூடிய ஒரே வண்டி குற்றாலிங்கத்தின் ஜீப். கேட்டேன், சர்வீசுக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். எஸ்டேட் பால் வண்டியில் பாதித் தூரம் போய், மீதியை நடந்தேன். உச்சியில் உட்கார்ந்து மடிக்கணினித் திரையைப் பார்த்தபோது, சர்வீசுக்கு விட்ட ஜீப் ஆலையில் நின்றுகொண்டிருந்தது. கோளாறு அந்த அளவுக்கு முற்றியிருக்கிறது.

மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து ஒரு வடிகட்டி போட்டேன். அதன் பொருள் இது: கீழப்பத்து ஆலையையோ, அதைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் எந்த இடத்தையோ தன் இடம் என்று சொல்லும் பாக்கெட் பொய். அதைத் திருப்பிச் சொல்லாதே.

இறங்கும்போது கீழப்பத்து வழியாக வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். சுற்று வழியில் வந்தேன். காரணம் ஒன்றுமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கோளாறு நீங்கியது. ஆலையில் ஒரு வண்டியும் இல்லை. எல்லா வண்டிகளும் ஆலைக்கு அரை கிலோமீட்டர் முன்னால், வெவ்வேறு நேரத்தில் வந்து, சாலையோரம் நின்றன. அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. அதுவே போதுமான விளக்கம்.

நவம்பர் 8, சனி

மாதாந்திரக் கூட்டம். வாசகசாலை மாடி. எல்லோரும் வந்திருந்தார்கள், இது வழக்கமில்லை.

வரைபடத்தைச் சுவரில் மாட்டி, கோளாறு தோன்றிய விதம், ஆராய்ந்த விதம், நீக்கிய விதம் என்று வாசிக்கத் தொடங்கினேன். யாரும் தலை நிமிரவில்லை. இசக்கிராஜ் இருமினார். அவர் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கல்யாண வீட்டிலும் இருமாமல் படம் எடுப்பார். பாதியில், நான் வடிகட்டியை எட்டும் முன்பே, ஜெபசிங் எழுந்தார். வங்கியில் வேலை. நிற்கும்போதும் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பது போலவே நிற்பார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

விசயம் இதுதான். பேரிடர் தொடர்புக் குழு என்று புதிய அமைப்பு ஒன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். மாவட்ட நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி வெள்ளக் காலத் தொடர்பு, கட்டுப்பாட்டு அறையின் திரை, மலைப்பெட்டி எல்லாம் அதன் பொறுப்பு. தலைமையிடம் கீழப்பத்து ஆலை. குற்றாலிங்கம் தலைவர். நான் கௌரவ ஆலோசகர். ஆலோசனை தேவைப்படும்போது கேட்பார்கள்.

"எப்போதிருந்து இது?"

"ஒரு மாசமா பேசிட்டிருந்தோம்."

"எங்கே?"

அறையில் இருந்த அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். சுவரில் சிவப்பு வட்டம் இருந்தது.

கடைசி வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் கேட்க நினைத்தது வேறு; வாயில் வந்தது இது:

"எல்லாரும் கருவிய அணைக்காமலா போனீங்க?"

"விதி நாலுலா அண்ணாச்சி" என்றார் இசக்கிராஜ். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் மாடிப்படியில் குற்றாலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் தம்பி."

"யாரு சொல்லுதுன்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேசினோம் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் முடிவாவல."

"அப்படி நான் என்ன செஞ்சிட்டேன்?"

"ஒண்ணும் செய்யல. நீங்க நல்லவருதான். ஆனா நீங்க இருந்தா ஒருத்தனும் நிம்மதியா டீ குடிக்க முடியாது. கிளாச எங்க வச்சோம்னு அதுக்கும் ரிப்போர்ட் கேப்பீய."

பேட்டரியைச் சுமந்து அவர் மலையேறிய அன்று, தோளில் கயிறு அறுத்த இடத்தில் நான்தான் மருந்து போட்டேன். அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேறொன்று நினைவுக்கு வந்தது.

"மலைப்பெட்டியில ஒரு விசயம் இருக்கு, அத..."

"அண்ணாச்சி." கையை நீட்டினார். "இனி நீங்க மலைப் பக்கம் வரண்டாம். சாவிய மட்டும் குடுங்க. மத்தத ஜெபசிங் பாத்துக்கிடுவான்."

சாவியைக் கொடுத்தேன். ஜெபசிங் பார்த்துக்கொள்வார்.

நவம்பர் 9, ஞாயிறு

வீடு நகரவில்லை.

நவம்பர் 14

ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் உயிரோடு இருக்க வேண்டும். வங்கிக்குப் போய் ஆயுள் சான்று கொடுத்தேன். கவுன்ட்டரில் ஜெபசிங். என் முகத்தையும் அட்டையில் இருந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். விதிப்படி அது அவசியம்.

"நீங்க இருக்கீய அண்ணாச்சி" என்று முத்திரை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆலையில புது ஸ்டேஷன் போட்ருக்கோம். மத்த எல்லாம் திரையில வருது. அது மட்டும் வர மாட்டேங்கு. ஆண்டெனா உயரம் பத்தலன்னு குற்றாலிங்கம் சொல்லுதான். பெரிய கம்பமா ஊனப் போறான். நீங்க என்ன நினைக்கீய?"

ஆலோசகராக நியமிக்கப்பட்ட பிறகு என்னிடம் கேட்கப்பட்ட முதல் ஆலோசனை. பின்னால் வரிசை நின்றது.

"கம்பம் நல்லதுதான்" என்றேன்.

வீட்டில் செண்பகத்திடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அந்த வடிகட்டிய எடுக்கணும்னு சொன்னீயளா?"

"கேட்டா சொல்லுவேன்."

"அது இருக்குன்னே தெரியாதவன் எப்படிக் கேப்பான்?"

"ஜெபசிங் பாத்துக்கிடுவான்."

"எம்புட்டு ரோசம் உங்களுக்கு" என்றாள். மதியம் ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

நவம்பர் 18

கீழப்பத்தில் கம்பம் ஊன்றிவிட்டார்கள். இப்போது ஆலையின் பாக்கெட் என் வீட்டுக்கே நேராகக் கேட்கிறது, மெல்லியதாக. மலைக்கும் நன்றாகவே கேட்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. சொன்னதைச் செய்யும் ஒரே உறுப்பினர்.

நவம்பர் 22, சனி

காலையிலிருந்து மழை. அணையைத் திறக்கப் போவதாகத் தண்டோரா போட ஆட்டோ வந்தது. பேட்டரி சரிபார்த்தேன். மாடியில் காயப்போட்ட வடகம் நனைந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

இதை மாலையில் எழுதுகிறேன். கை ஈரமாக இருப்பதால் எழுத்து சரியில்லை.

காலையிலேயே மின்சாரம் போயிற்று. மதியத்துக்குள் எல்லா செல்போனும் ஊமை. என் நிலையம் பேட்டரியில் ஓடியது. மலைப்பெட்டி வேலை செய்தது. வெள்ளப் பணியில் இருந்த வண்டிகள் திரையில் ஊர்ந்தன. குற்றாலிங்கத்தின் ஜீப் மட்டும் காலையில் டீக்கடை அருகே நின்றது நின்றபடி இருந்தது.

மூன்று மணி வாக்கில் ஆலையின் பாக்கெட் நேராகக் கேட்டது. இடத்தைச் சொல்லிவிட்டு, குறிப்பு எழுதும் பகுதியில் இப்படி இருந்தது: தண்ணி கீழ்த்தளம் முழுக்க. மாடில அஞ்சு பேர். படகு வேணும்.

மலை திருப்பிச் சொல்லவில்லை.

சில நிமிடம் கழித்து அதே பாக்கெட் மறுபடியும் வந்தது. மலை திருப்பிச் சொல்லவில்லை.

மூன்றாம் முறையும் கேட்டேன். அப்போது செண்பகம் காபியோடு வந்தாள். திரையைப் படித்தாள். தம்ளரை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

அதே செய்தியை என் நிலையத்தின் அழைப்புக் குறியில் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினேன். என் வீடு வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மலை உடனே உரக்கத் திருப்பிச் சொன்னது. கட்டுப்பாட்டு அறை பெற்றுக்கொண்டதாகப் பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை. மறுபடி. இல்லை.

குரல் ரேடியோவை எடுத்து ஆலையை நேராக அழைத்தேன்.

"யாரு, அண்ணாச்சியா?" குற்றாலிங்கத்தின் குரல். "கண்ட்ரோல் ரூம் ஏன் அண்ணாச்சி பதில் சொல்ல மாட்டேங்கு? கம்பமெல்லாம் ஊனியாச்சே!"

"அவங்களுக்கு கேக்கல."

"உங்களுக்குக் கேக்கே!"

"நான் பக்கத்துல இருக்கேன்."

"மீனாட்சியும் இங்கதான் இருக்கா அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமைலா, சமைக்க வந்தா..."

குடையை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். குடையால் பயன் இல்லை. கடைத்தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஒரு செருப்பு போயிற்று. மற்றதை நானே விட்டேன். துணை வட்டாட்சியர் ஒரு பெண்மணி. நாற்காலி மேல் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆலையிலயா? கண்ட்ரோல் ரூம்ல இருந்து இப்பதான் போலீஸ் வயர்லெஸ்ல லிஸ்ட் வாசிச்சாங்க சார். அங்க யாரும் மாட்டிக்கிட்டதா இல்லியே. ஜீப்பு டீக்கடை மேட்டுல பத்திரமா நிக்காம். மேப்புல பாத்துதான் சொல்லுதாங்க."

"மேப் தப்பு" என்றேன். இந்தச் சொற்களை நான் இதற்கு முன் சேர்த்துச் சொன்னதில்லை.

"நீங்க யாரு சார்?"

"கௌரவ ஆலோசகர்."

அவர் என் காலைப் பார்த்தார். வெறுங்கால். உடனே ஒருவரைக் கூப்பிட்டு, படகைக் கீழப்பத்துக்குத் திருப்பச் சொன்னார்.

நவம்பர் 24

நேற்று இருட்டுவதற்கு முன் ஐவரையும் ஆலை மாடியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மீனாட்சிக்குக் காய்ச்சல். ஜீப்பைத் தண்ணீர் இழுத்துப்போய் உடைமரத்தில் சாய்த்திருக்கிறதாம். கம்பம் விழுந்துவிட்டது. எனக்குத் தும்மல்.

நவம்பர் 28

ஜெபசிங் வந்தார். வெள்ளத்தன்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் அவர்தான்.

"உங்க மெசேஜ் அத்தனையும் வந்திருக்கு அண்ணாச்சி. பதிவுல கிடக்கு. திரையில மட்டும் வரல."

"ஏன்?"

"உங்க அழைப்புக் குறி வந்தா காட்டாத மாதிரி வச்சிருந்தோம். நீங்க அடிக்கடி திருத்தம் அனுப்புவீயன்னு..." தரையைப் பார்த்தார். "தீர்மானம் போட்டுத்தான் செஞ்சோம்."

"முறைப்படி செஞ்சிருக்கீங்க."

"ஆலையோட பாக்கெட் ஏன் வரலைங்கதுதான் இன்னமும் புரியல. தண்ணி பட்டு ஒயர் போயிருக்கும்."

"இருக்கலாம்."

அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, போட்டாளா என்று போய்ப் பார்க்கவில்லை.

டிசம்பர் 6

செய்தித்தாளில் படம். புதிய குழுவின் நவீன ரேடியோ வலையமைப்பு, ஆலையில் சிக்கிய ஐவரின் இருப்பிடத்தை நொடியில் காட்டிக்கொடுத்து உயிர் காத்ததாம். உயரமான கம்பமே தங்களைக் காப்பாற்றியது என்று குற்றாலிங்கம் பேட்டி கொடுத்திருக்கிறார். அந்தக் கூற்று உண்மை. கம்பம் இல்லாவிட்டால் எனக்குக் கேட்டிருக்காது. மாவட்ட நிர்வாகம் குழுவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. துணை வட்டாட்சியர் பெயர் செய்தியில் இல்லை. என் பெயரும் இல்லை, ஆனால் அச்சுப்பிழைகள் நான்கு இருந்தன.

டிசம்பர் 11

குற்றாலிங்கம் வீட்டுக்கு வந்தார், பழத்தட்டோடு. ஞாயிற்றுக்கிழமை ஆலையில் பாராட்டு விழா.

"அண்ணாச்சி கட்டாயம் வரணும். மேடையில ஒரு சேர் போட்ருக்கோம்."

"பேப்பர்ல பாத்தேன்."

"அவன் கேட்டான், நான் ஏதோ சொன்னேன். நீங்க நடந்து போனதச் சொன்னா, அப்ப உங்க ரேடியோ எதுக்குன்னு கேப்பான்லா? மானியம் கேட்டு எழுதிருக்கோம். கிடைக்கட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்." பழத்தட்டை என் பக்கம் நகர்த்தினார். "நம்ம ரெண்டு பேருக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல."

வாசல் வரை போனவர் திரும்பினார். "அன்னைக்கு மாடிப்படியில, மலைப்பெட்டியில ஒரு விசயம் இருக்குன்னு சொல்ல வந்தீயளே. என்னது அது?"

செண்பகம் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

எனக்குத் தும்மல் விடவில்லை, விழாவுக்குப் போகவில்லை. செண்பகம் போனாள். மீனாட்சியைப் பார்க்கவேண்டுமாம். ஜெபசிங் வந்து காரில் அழைத்துப்போனார். புறப்படும்போது அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

முருங்கை மறுபடி கம்பியைத் தொடுகிறது. மாலைக்குள் கனமழை என்றும், அணையிலிருந்து உபரி நீர் திறக்கப்படும் என்றும் ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பத்து மணிக்குத் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டியாகக் கீழப்பத்துச் சாலையில் வந்தது. ஜெபசிங்கின் கார் ஆலைக்கு அரை கிலோமீட்டர் முன்னால், டீக்கடை அருகே நின்றது.